வெல்டிங்கில் பொத்தல் விழுந்தால்... மறைக்கலாமா, மாற்றலாமா?

"அங்கள், ஹாலோ கம்பியில வெல்டிங் வெக்கிறப்போ பொத்துக்கிட்டுப் போயிடுது. மேல நிரப்பி, கிரைண்டர் போட்டு, சாயம் அடிச்சுக் கொடுத்துடறோம். அது தப்பா?"

எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் சுங்கை பெசாரைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. 'தோட்டப்புற இளைஞர்களும் கைத்தொழிலும்' என்பது அன்றைய தலைப்பு. கடனுதவி எங்கே கிடைக்கும், எந்தப் பயிற்சி நிலையத்தில் சேரலாம் என்றுதான் கேள்விகள் வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். தம்பியின் கேள்வியைக் கேட்டு அரங்கில் பலர் சிரித்தார்கள். ஆனால், மேடையில் இருந்த மூத்த வெல்டர் சிரிக்கவில்லை. "தப்பா இல்லையான்னு நான் சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் கம்பி எதைத் தாங்குதுன்னு நீ சொல்லுப்பா" என்று திருப்பிக் கேட்டார். மீதியிருந்த நேரம் முழுக்க அந்த ஒரு கேள்வியிலேயே போயிற்று. ஒளியேறும் நேரத்திற்காக நாங்கள் வெட்டிவிட்ட பகுதிகளையும், அதன் பிறகு நான் கேட்டறிந்த சில விவரங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கேள்வி ஏன் அந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாகச் சுங்கை பெசார், சபாக் பெர்ணம் வரை போகும் சாலையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். இன்னும் உள்ளே போனால் செம்பனை. நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது இதே கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரத்தில்தான். நெல் அறுவடை இயந்திரம், குலை ஏற்றும் டிரெய்லர், குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி, வீட்டு கேட், கோயில் கொட்டகை, ஏன், தைப்பூசத்திற்குத் தூக்கும் காவடிச் சட்டம் வரை எல்லாமே இரும்பு. எல்லாமே உடைபவை. கடற்காற்றின் உப்பும், உரமும், வயல் ஈரமும் சேர்ந்து அந்த இரும்பை அரித்துக்கொண்டே இருக்கின்றன. மேலே பார்த்தால் கனமாகத் தெரியும் தகடு உள்ளே தாள்போல் ஆகியிருக்கும். ராடை வைத்தவுடன் பொத்துக்கொண்டு போகும். ஆக, இது கைப்பழக்கம் போதாததால் மட்டும் வருகிற கோளாறு அல்ல.

ஏன் பொத்துக்கொண்டு போகிறது?

இரும்பு ஏறக்குறைய 1,500 பாகையில் உருகும். வெல்டிங் ராடின் நுனியில் எரியும் அந்த வெளிச்சத்தின் வெப்பமோ பல ஆயிரம் பாகை. (எங்கள் ஒளிப்பதிவாளர் கேமரா லென்சுக்கு முன்னால் வெல்டிங் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுதான் படமெடுத்தார். கண்ணுக்கும் அப்படித்தான், வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது.) கனமான இரும்பில் இந்த வெப்பம் நாலாபுறமும் பரவிப் போய்விடும். கடைகளில் கேட்டுக்கும் கிரிலுக்கும் வாங்கும் ஹாலோவின் கனம் பெரும்பாலும் 1.2 அல்லது 1.6 மில்லிமீட்டர்தான். அங்கே வெப்பம் ஓட இடமில்லை. உருகிய இரும்பு ஒரு சிறு குட்டைபோல நிற்கிறது, அந்தக் குட்டைக்கு அடியில் கெட்டியான தரை இல்லாமல் போனால் ஒழுகி விழுந்துவிடுகிறது. அதுதான் பொத்தல்.

காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: கரண்ட் அதிகம், கை மெதுவாக நகர்வது, இரண்டு துண்டுகளுக்கும் இடையே சந்து அதிகம், தேவைக்கு மேல் தடித்த ராட். 3.2 மில்லிமீட்டர் ராடுக்கு ஏறக்குறைய 90 முதல் 130 ஆம்பியர் தேவை. அதை 1.6 மில்லிமீட்டர் ஹாலோவில் வைத்தால் என்ன ஆகும்? 2 மில்லிமீட்டர் ராடாக இருந்தால் 40 முதல் 60 ஆம்பியரிலேயே எரியும். டிசி மெஷின் வைத்திருப்பவர்கள், மெல்லிய தகட்டுக்கு 6013 ராடை மைனஸ் பக்கம் மாட்டினால் ஊடுருவல் குறையும். வேலையை நிறுத்தி வைத்து, மேலிருந்து கீழாக வேகமாக இழுத்தாலும் குறையும். சந்து பெரிதாக இருந்தால் அதை வெல்டிங்கால் நிரப்பப் பார்க்காமல் துண்டை மறுபடி அளந்து வெட்டுவதே மேல். 'ஒரு துண்டு ஹாலோ மிச்சம்' என்று பார்த்து, அரை நாள் வேலையைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்!

பொத்தலை எப்படி அடைப்பது?

பொத்துக்கொண்டதும் பெரும்பாலோர் செய்வது, பதற்றத்தில் அதே இடத்தில் ராடை இன்னும் அழுத்துவது. அரிசி அளவு இருந்த துளை ஐம்பது காசு அளவுக்கு விரிவது இப்படித்தான். மூத்தவர் சொன்ன முதல் பாடம், கையை எடு என்பதுதான். சிவப்பு மறையட்டும், ஆறட்டும்.

ஆறிய பிறகு கசடைத் தட்டிவிட்டுக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். அடுத்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பொத்தலைச் சுற்றியுள்ள விளிம்பு ஏற்கெனவே உருகி மெலிந்து, கருகிப்போன இரும்பு. அதில் புது இரும்பு நிற்காது. கிரைண்டர் வைத்து, பளபளப்பான, முழுக் கனமுள்ள இரும்பு தெரியும்வரை அந்த விளிம்பை எடுத்துவிட வேண்டும். பொத்தல் கொஞ்சம் பெரிதாகும். பார்க்கிறவருக்கு, "அடைக்கச் சொன்னால் இவன் இன்னும் பெரிதாக்குகிறானே" என்றுகூடத் தோன்றும். ஆனால் பழுதுபார்ப்பு தொடங்குவதே அங்குதான்.

பின்பக்கம் கை போகுமானால், அங்கே ஒரு செம்புத் தகட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். செம்பு வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். இரும்பும் அதில் எளிதில் ஒட்டாது. உருகிய குட்டைக்கு அது ஒரு தற்காலிகத் தரை. கடையில் தேடி அலைய வேண்டாம், பழைய ஏர்கோன் செம்புக் குழாயை அடித்துத் தட்டையாக்கினாலே போதும்.

பிறகு, பொட்டு வைப்பதுபோலத்தான். விளிம்பில் கெட்டியான இரும்பின் மேல் ராடைத் தொட்டு ஒரு பொட்டு, உடனே எடுத்துவிட வேண்டும். அதன் சிவப்பு மங்கியதும் கசடைத் தட்டிவிட்டு, பாதி அந்தப் பொட்டின் மேலும் பாதி வெற்றிடத்தின் பக்கமுமாக அடுத்த பொட்டு. இப்படியே விளிம்பைச் சுற்றி வந்து, வட்டம் சுருங்கிச் சுருங்கி நடுவில் மூடும். நடுவிலிருந்து தொடங்கினால் பிடிப்பு இருக்காது. கசடைத் தட்டாமல் மேலே மேலே வைத்தால், அந்தக் கசடு உள்ளேயே புதைந்து, வெளியே அழகாகவும் உள்ளே பொருக்காகவும் நிற்கும். 'மிக்' மெஷின் வைத்திருப்பவர்களுக்குக் கசடுத் தொல்லை இல்லை. விசையை விட்டு விட்டு அழுத்தினால் போதும். ஆனால் பொறுமை எல்லாருக்கும் பொதுவானது. கடைசியில் கிரைண்டர் போடும்போது, ஒட்டிய மேட்டை மட்டும் எடுக்க வேண்டும். பக்கத்து நல்ல இரும்பையும் சேர்த்து அரைத்துவிட்டால் அது மறுபடி மெலிந்து, அடுத்த பொத்தலுக்கு வழிவிடும்.

விரல் நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டை என்றால் பொட்டு வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மெலிந்த பகுதி முழுவதையும் வெட்டியெடுத்து, அதே கனத்தில் ஒரு துண்டுத் தகட்டைப் பொருத்த வேண்டும். அந்தத் துண்டின் மூலைகள் கூராக இல்லாமல் வளைவாக இருக்கட்டும். கூர்மூலையில்தான் இழுவிசை போய்ச் சேரும், விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். சட்டைக்கு ஒட்டுப் போடும் தையல்காரருக்குத் தெரிந்த சங்கதிதான். ஒரு பக்கம் ஒட்டியதும் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒட்டி, மாற்றி மாற்றிப் போனால் தகடு நெளியாது.

'கால்வனைஸ்' குழாய் என்றால், ஒட்டும் இடத்திலுள்ள துத்தநாகப் பூச்சை முதலில் நீக்க வேண்டும். துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகும் முன்பே புகை கிளம்பி வெல்டிங்கில் துளை துளையாக விழும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்க்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பால் நல்லதுதான், ஆனால் நுரையீரலுக்குள் போன புகையை அது எடுக்காது. காற்றோட்டமும் முகக்கவசமும்தான் காப்பு.

அறுத்துப் பார்த்தபோது...

நிகழ்ச்சிக்கு அந்த மூத்தவர் வெறுங்கையோடு வரவில்லை. கழற்றிப் போட்ட ஒரு பழைய கேட்டின் ஹாலோத் துண்டைக் கொண்டுவந்திருந்தார். வெளியே வழவழப்பு, கறுப்புச் சாயம், பார்க்க லட்சணம். அரங்கிலேயே அதை நெடுக்காக அறுத்தார். உள்ளே இரண்டு ஆணிகள், பொடிப்பொடியான கசடு, அதன் மேல் தோலாக ஒரு வெல்டிங், தோலுக்கு மேல் புட்டி. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் மொத்தமும் பெயர்ந்து விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

ராடின் மேல்பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, அந்த வெறும் கம்பியைச் சந்தில் வைத்து நிரப்புவது பல பட்டறைகளில் உண்டு. அலங்காரக் கிரிலின் ஒரு மூலையில் அப்படிச் செய்தால் உலகம் அழிந்துவிடாது. அந்தத் தம்பியின் கேள்விக்கு மூத்தவர் எதிர்க்கேள்வி போட்டது இதற்காகத்தான். அழகுக்கு நிற்கும் கம்பி வேறு. ஆள் ஏறும் ஏணி, கேட்டின் கீல் நிற்கும் தூண், டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் இழுவைக்கட்டை ஆகியவை வேறு. முன்னதில் பொத்தல் என்பது தோற்றக்கேடு. பின்னதில் அது ஒரு ஆளின் கால், சமயத்தில் உயிர்.

மற்றத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெல்டிங்கின் ஓரத்தில் வாய்க்கால்போல் பள்ளம் விழுந்தால், சுத்தம் செய்து, கரண்டைக் குறைத்து ஒரு மெல்லிய வரி ஓட்டலாம். குமிழ் குமிழாகத் துளைகள் இருந்தால் அவை மறையும்வரை அரைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். நனைந்த ராடும், துருவும், சாயமுமே பெரும்பாலும் காரணம். 7018 ராடைப் பொட்டலம் பிரித்துப் பட்டறை மூலையில் போட்டுவைத்தால் நம் ஊர் ஈரக்காற்றை அது குடித்துவிடும். அதை 300 பாகைக்கு மேல் அடுப்பில் உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் போதாது.

விரிசல் மட்டும் தனி. விரிசலின் மேல் வெல்டிங் வைப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதைப் போன்றது. கீழே இருக்கும் விரிசல் மேலே வந்தே தீரும். டிரெய்லர் இழுவைக்கட்டையில் விரிசல் கண்டால், அது எங்கே முடிகிறது என்று முதலில் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனை அல்ல. இதற்கென விற்கும் சிவப்புச் சாயத்தை அடித்து, சில நிமிடம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை மாவுக் கரைசலைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். முனைக்குச் சற்று அப்பால் ஒரு சிறு துளை போட்டால், வேலை செய்யும்போது அது மேலும் ஓடாது. பிறகு விரிசல் இருந்த தடமே இல்லாமல் 'வி' வடிவில் வெட்டி எடுக்க வேண்டும். மறுபடி சிவப்புச் சாயம் அடித்துப் பார்த்து, கோடு வரவில்லை என்றால் மட்டும், உலர்ந்த 7018 ராடால் அடியிலிருந்து அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். கனமான இரும்பாக இருந்தால் முன்கூட்டியே சூடேற்றிக்கொள்வது நல்லது. தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கவே கூடாது. ஒரே இடம் இரண்டாவது முறையும் விரிந்தால் கோளாறு வெல்டிங்கில் இல்லை, சுமையிலோ அமைப்பிலோ இருக்கிறது. அந்தப் பாகத்தையே மாற்றுங்கள்.

சாயத்திற்கு அடியில் இருந்த விரிசல்

"சாயம் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. வட கடலில், நோர்வே நாட்டு எண்ணெய் வயலில் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மிதக்கும் மேடை இருந்தது. ஐந்து கால்கள் கொண்டது. எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்குவதற்குப் பயன்பட்டது. 1980 மார்ச் 27-ஆம் தேதி மாலை, புயற்காற்றில் அதன் ஒரு கால் முறிந்து, சிறிது நேரத்தில் மேடையே கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் மாண்டார்கள்.

விசாரணை எங்கே போய் நின்றது தெரியுமா? காலைத் தாங்கிய குறுக்குக் குழாய் ஒன்றில், நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பொருத்துவதற்காக ஒரு சிறு தாங்கி வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. பாரம் தாங்கும் பாகமே அல்ல, ஒரு துணைப்பொருள். அதனால் அந்த வெல்டிங்கை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அது மோசமாக இருந்தது, விரிந்தது, விரிசல் குழாய்க்குள் பரவியது. முறிந்த பாகத்தை மீட்டு ஆராய்ந்தபோது, விரிசலின் உள்முகத்திலேயே சாயம் படிந்திருந்தது. அப்படியென்றால், கட்டுமானத் தளத்தில் சாயம் அடிக்கும்போதே விரிசல் அங்கே இருந்திருக்கிறது!

தோட்டத்து டிரெய்லரையும் வட கடல் மேடையையும் ஒப்பிடுவது அதிகம் என்று சிலர் சொல்லலாம். அளவில் அதிகம்தான். ஆனால் இரும்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பெரிய தொழிற்சாலைகளில் தவறே நடக்காதா என்று அந்தத் தம்பி கேட்டார். நடக்கும். நம் தமிழ்நாட்டுத் திருச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'பெல்' நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை 1960-களிலிருந்து இயங்குகிறது. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றும் அங்கேயே அமைந்தது. அதைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளில் தொழில் பழகியவர்கள் வளைகுடா, சிங்கப்பூர் என்று பல நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். கொதிகலன் குழாயின் இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். படத்தில் குறை தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்து, தோண்டி எடுத்து, மறுபடி ஒட்டி, மறுபடி படம் எடுக்க வேண்டும். யார் ஒட்டியது, எத்தனையாவது முறை என்பதெல்லாம் ஏட்டில் ஏறும். ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் பழுதுபார்க்க விடாத ஒப்பந்தங்கள் பல உண்டு. திரும்பத் திரும்பச் சூடுபட்ட இரும்பின் குணம் மாறிவிடும் என்பதே காரணம். அதற்கு மேல் போனால் இணைப்பையே வெட்டி எடுத்துவிட வேண்டும். அங்கே பொத்தல் அவமானம் அல்ல, ஒரு பதிவு. நம் பட்டறைகளில் அதை அவமானமாகப் பார்ப்பதால்தான் மறைக்கிறோம் என்பது என் கருத்து.

தொடவே கூடாதவை

பழுதுபார்க்கத் தெரிந்தவர் என்பதற்காக எதை வேண்டுமானாலும் ஒட்டிவிட முடியாது. டீசல், எண்ணெய், மருந்து இருந்த டிரம்மில் ஓட்டை என்றால் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டிரம்தானே என்பார்கள். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்மே ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து வெடிமருந்தாக நிற்கும். டயர் மாட்டியிருக்கும் சக்கர ரிம்மில் வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் டயருக்குள் வாயு உண்டாகி அழுத்தம் ஏறி வெடிக்கும், காற்றை இறக்கிவிட்டால் மட்டும் போதாது. டயரைக் கழற்றியே ஆக வேண்டும்.

செம்பனை ஆலையின் கொதிகலன், குலை அவிக்கும் கலன் ஆகியவற்றில் கை வைக்க அனுமதி தேவை. அவிக்கும் கலனுக்குள் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நீராவி நிற்கும். இவை ஜே.கே.கே.பி. எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்றிதழ் பெற்றே இயங்க வேண்டியவை. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-ஆம் தேதி விலக்கப்பட்டதால் கட்டுப்பாடு போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். போகவில்லை. அது இப்போது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது. "சின்ன ஓட்டைதான், ஷிப்டு முடியறதுக்குள்ள அடைச்சுடு" என்று மேலாளரே சொன்னாலும், முடியாது என்று சொல்லும் உரிமை வெல்டருக்கு இருக்கிறது.

அந்த இடத்தில்தான் அரங்கில் ஒருவர் எழுந்து, "சான்றிதழே இல்லாத எங்க பேச்சை யார் கேப்பா?" என்றார். தோட்டப் பட்டறையில் இருபது, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தும் கையில் ஒரு தாள்கூட இல்லாதவர்கள் நம்மிடையே நிறைய. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே., மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. வகுப்பில் உட்கார்ந்து படித்தால்தான் அது கிடைக்கும் என்பதில்லை. 'பெங்இக்திராஃபான் பெஞ்சாப்பாயான் தெர்டாஹுலு', சுருக்கமாக பி.பி.தி., என்றொரு வழியும் இருக்கிறது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர், தாம் செய்த வேலைகளின் சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் தம் திறனைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இன்றிலிருந்தே செய்யும் வேலைகளைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தேதியோடு சேர்த்து வையுங்கள். முடிந்த கேட்டின் படம் மட்டும் போதாது. வெட்டித் திறந்த பொத்தல், தேய்த்துப் பளபளப்பாக்கிய விளிம்பு, பின்னால் பிடித்த செம்பு, ஒவ்வொரு பொட்டு, கடைசியில் சாயம் அடிப்பதற்கு முந்தைய நிலை என்று வரிசையாக எடுங்கள்.